இடிந்த வீட்டின் கம்பி எங்கே போகிறது?

"பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம்!"

இந்தக் குரலைக் கேட்காத தெரு உண்டா? தள்ளுவண்டிக்காரர் கூவிக்கொண்டே வருவார். உடைந்த தாழ்ப்பாள், துருப்பிடித்த ஆணி, ஓட்டை வாளி என்று வீட்டில் கிடந்ததை எல்லாம் பிள்ளைகள் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். கை நிறையப் பழம் கிடைக்கும். பழத்தைத் தின்றபின் இரும்பைப் பற்றி யாரும் நினைப்பதில்லை.

அந்த ஓட்டை வாளி என்ன ஆனது? வண்டிக்காரருக்கு அது எதற்கு? உடைந்த பானைக்கு யாரும் பழம் தருவதில்லை. கிழிந்த பாய்க்கும் தருவதில்லை. இரும்புக்கு மட்டும் ஏன் தருகிறார்கள்?

காரணம் மிகவும் எளிது. உடைந்த பானை மறுபடியும் பானை ஆகாது. உடைந்த இரும்பு மறுபடியும் இரும்பு ஆகும். உருக்கினால் போதும். ஒரு முறை அல்ல, எத்தனை முறை வேண்டுமானாலும் உருக்கலாம். இன்று ஒரு வீட்டின் கூரையில் இருக்கும் கம்பி, முன்பு கப்பலாக இருந்திருக்கலாம். அதற்கும் முன்பு பாலமாக இருந்திருக்கலாம்.

தெருவில் கிடைப்பது சில்லறை இரும்பு. மொத்தமாகக் கிடைப்பது கட்டடங்களில்தான். ஒரு பெரிய கட்டடத்தின் கதையைப் பார்ப்போம்.

ஒன்பது நொடியில் விழுந்த கோபுரங்கள்

டில்லிக்குப் பக்கத்தில் நொய்டா என்று ஒரு நகரம் இருக்கிறது. உத்தரப் பிரதேச மாநிலத்தைச் சேர்ந்தது. அங்கே இரண்டு உயரமான அடுக்குமாடிக் கட்டடங்கள் எழுந்தன. ஒன்றுக்கு 32 மாடி. மற்றொன்றுக்கு 29 மாடி. குடியிருப்பதற்காகக் கட்டியவை. ஆனால் விதிகளை மீறிக் கட்டிவிட்டார்கள். பக்கத்துக் குடியிருப்பில் இருந்தவர்கள் வழக்குப் போட்டார்கள். பல ஆண்டுகள் வழக்கு நடந்தது. இடித்துத் தள்ள வேண்டும் என்று 2021ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது.

2022 ஆகஸ்டு 28. ஞாயிற்றுக்கிழமை. சுமார் 3,700 கிலோ வெடிமருந்தைத் தூண்களில் வைத்து வெடித்தார்கள். ஒன்பது நொடி. இரண்டு கோபுரங்களும் தரையோடு தரையாகிவிட்டன. ஊரே புழுதியில் மறைந்தது. தொலைக்காட்சியில் நாடே பார்த்தது.

வேடிக்கை பார்த்தவர்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். அதன் பிறகுதான் உண்மையான வேலை தொடங்கியது. சுமார் 80,000 டன் இடிபாடு மலைபோல் கிடந்தது. அதற்குள் சுமார் 4,000 டன் இரும்புக் கம்பி சிக்கிக் கிடந்தது.

கான்கிரீட்டுக்குள் கம்பி எதற்கு? கான்கிரீட் பாரம் தாங்கும். மேலே பாரம் வைத்தால் எளிதில் அசையாது. ஆனால் இழுத்தால், வளைத்தால் விரிந்துவிடும். கம்பி இழுப்பைத் தாங்கும். இரண்டும் சேர்ந்தால்தான் கூரை நிற்கும். அதனால்தான் தளம் போடும் முன்பு கம்பி கட்டுகிறார்கள்.

கட்டும்போது உதவுகிற இந்தப் பிடிப்பு, இடிக்கும்போது தொல்லை தருகிறது. கான்கிரீட் கம்பியை விடாது. பெரிய இயந்திரங்கள் நண்டுக் கொடுக்கு போன்ற பிடியால் கான்கிரீட்டைக் கடித்து நொறுக்குகின்றன. கம்பி வெளியே வருகிறது. சின்ன வேலை என்றால் இயந்திரம் கிடையாது. சம்மட்டிதான். நாள் முழுக்க அடித்து, கம்பியை ஒவ்வொன்றாக உருவி எடுக்க வேண்டும்.

நொய்டாவில் கம்பியைப் பிரித்த பிறகு, இடிபாட்டில் ஒரு பகுதியை அங்கேயே அடித்தளப் பள்ளத்தை நிரப்பப் பயன்படுத்தினார்கள். ஒரு பகுதி கட்டட இடிபாட்டை அரைக்கும் ஆலைக்குப் போனது. இப்படிப்பட்ட ஆலை இந்தியாவில் முதன்முதலாக டில்லியில் புராரி என்ற இடத்தில் 2009இல் வந்தது. இடிபாட்டை அரைத்து மணல், ஜல்லி, தரைக்கல் என்று மாற்றுகிறார்கள். இந்த மாதிரி ஆலைகளில் பெரிய காந்தம் இருக்கும். கண்ணுக்குத் தப்பிய துண்டுக் கம்பியையும் அது இழுத்துக்கொள்ளும். வேறு பெரும்பாலான பொருள்களுக்கு இந்த வசதி இல்லை. பிளாஸ்டிக்கைக் குப்பையிலிருந்து பொறுக்க ஆள் வேண்டும். இரும்பைப் பொறுக்கக் காந்தம் போதும்.

மலை என்ன பாடுபடுகிறது?

சரி, பழைய கம்பியை எடுக்காமல் மண்ணில் புதைத்துவிட்டால் என்ன? புதுக் கம்பிதான் கடையில் கிடைக்கிறதே?

புதுக் கம்பி எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும்.

சத்தீஸ்கர் மாநிலத்தில் பைலாடிலா என்ற மலைத்தொடர் இருக்கிறது. அடர்ந்த காடு. பழங்குடி மக்கள் வாழும் இடம். அந்த மலையே இரும்புத் தாதுதான். 1968 முதல் அங்கே அரசு நிறுவனம் மலையை வெட்டித் தாது எடுக்கிறது. ரயில் ரயிலாகத் தாது விசாகப்பட்டினத்துக்குப் போகிறது. ஒடிசாவில் கேந்துஜர், ஜார்க்கண்டில் சிங்பூம், கர்நாடகாவில் பெல்லாரி, இங்கெல்லாம் இதே வேலை நடக்கிறது.

தாது மேலாக்கக் கிடைக்காது. முதலில் மரங்களை வெட்ட வேண்டும். பிறகு மேல் மண்ணை அள்ளி ஒரு பக்கம் கொட்ட வேண்டும். பிறகு பாறையை வெடி வைத்துத் தகர்க்க வேண்டும். மழை பெய்தால் கொட்டிய மண் ஓடைக்குள் வருகிறது. ஓடை சிவப்பாக ஓடுகிறது. வயலில் செம்மண் படிகிறது. பெல்லாரியில் அளவுக்கு மீறி, சட்டத்துக்கு மாறாகவும் தோண்டினார்கள். நிலைமை எல்லை மீறிப் போனதால் 2011இல் உச்ச நீதிமன்றம் தலையிட்டு அங்கே சுரங்க வேலையையே நிறுத்தி வைத்தது. பிறகு கட்டுப்பாடுகளோடுதான் அனுமதித்தது.

மலை போனால் திரும்ப வருமா? வராது. நட்ட மரம் வளரும். வெட்டிய மலை வளராது.

தாது மட்டும் போதாது. நிலக்கரியும் வேண்டும். எல்லா நிலக்கரியும் இதற்கு ஆகாது. அதைச் சுட்டுக் கல்கரி ஆக்க முடிய வேண்டும். அந்த வகை நிலக்கரி நம் நாட்டில் குறைவு. ஜார்க்கண்டில் ஜரியா என்ற இடத்தில் இருக்கிறது. அங்கே பூமிக்கு அடியில் நிலக்கரி தீப்பிடித்து எரிவதை 1916இலேயே கண்டார்கள். நூறு ஆண்டு தாண்டியும் முழுவதும் அணையவில்லை. தரை சூடாகிறது. வெடிக்கிறது. புகை வருகிறது. அதன் மேலேயே மக்கள் குடியிருந்தார்கள். பல குடும்பங்களை வேறு இடத்துக்கு மாற்ற வேண்டியதாயிற்று. தேவையான கல்கரி நிலக்கரியில் பெரும் பகுதியை இந்தியா ஆஸ்திரேலியா போன்ற வெளிநாடுகளிலிருந்து கப்பலில் வாங்குகிறது.

துருவும் தாதுவும் ஒன்றுதான்

இவ்வளவு நிலக்கரி எதற்கு? உருக்குவதற்கு மட்டும்தானா? இல்லை. இங்கேதான் விஷயமே இருக்கிறது.

வீட்டு வாசலில் ஒரு ஆணியைப் போட்டு வையுங்கள். மழையில் நனையட்டும். சில நாளில் செந்நிறமாகத் துருப்பிடிக்கும். துரு என்றால் என்ன? இரும்போடு காற்றில் உள்ள பிராணவாயு சேர்ந்துகொண்டது. அவ்வளவுதான்.

இரும்புத் தாதுவும் ஏறக்குறைய அப்படித்தான். அதிலும் இரும்பும் பிராணவாயுவும் சேர்ந்திருக்கின்றன. அதனால்தான் தாது மலை சிவப்பாக இருக்கிறது. ஒரு மலை முழுக்கத் துரு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

துருவிலிருந்து இரும்பைப் பிரிக்க வேண்டும் என்றால், பிராணவாயுவை வெளியே இழுக்க வேண்டும். அந்த வேலையை நிலக்கரியில் உள்ள கரி செய்கிறது. பெரிய ஊது உலையில் தாது, கல்கரி, சுண்ணாம்புக்கல் மூன்றையும் போட்டுச் சூடான காற்றை ஊதுவார்கள். கரி பிராணவாயுவைப் பிடித்துக்கொள்ளும். இரும்பு தனியாக உருகி அடியில் இறங்கும். கரியும் பிராணவாயுவும் சேர்ந்தால் என்ன ஆகும்? கரியமில வாயு ஆகும். அது புகைபோக்கி வழியாக வானத்துக்குப் போகிறது.

கரியமில வாயு வானத்தில் அதிகமானால் பூமி சூடாகிறது. போர்த்திய கம்பளி போல அது வெப்பத்தை வெளியே விடாது.

இப்போது பழைய கம்பியை நினைத்துப் பாருங்கள். அதிலிருந்து பிராணவாயுவை இழுக்கும் வேலை என்றோ முடிந்துவிட்டது. அப்போதே கரியும் எரிந்துவிட்டது, புகையும் போய்விட்டது. இனி உருக்கினால் மட்டும் போதும். நெல்லைக் குத்தி அரிசியாக்கி வைத்திருக்கிறோம். சோறு வேண்டும் என்றால் அரிசியை வடிப்பதுதானே முறை? அரிசியைக் கொட்டிவிட்டு மறுபடியும் நெல் குத்தப் போவார்களா? கம்பியைப் புதைப்பது அப்படிப்பட்ட வேலை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

மத்திய அரசின் உருக்குத் துறை 2019இல் பழைய இரும்பு பற்றி ஒரு கொள்கையை வெளியிட்டது. அதில் இந்தக் கணக்கு இருக்கிறது.

ஒரு டன் பழைய இரும்பை உருக்கிப் பயன்படுத்தினால்:
இரும்புத் தாது 1.1 டன் மிச்சம்.
கல்கரி நிலக்கரி 630 கிலோ மிச்சம்.
சுண்ணாம்புக்கல் 55 கிலோ மிச்சம்.

தண்ணீரும் மிச்சம். 100 குடம் செலவாகும் இடத்தில் 60 குடம் போதும். கரியமில வாயு போன்ற வாயுக்கள் 100 கிலோ வெளியேறும் இடத்தில் 42 கிலோதான் வெளியேறும்.

நொய்டா கோபுரத்தின் 4,000 டன் கம்பிக்கு இந்தக் கணக்கைப் போடுவோம். பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள்.

தாது: 4,000 × 1.1 = 4,400 டன்.
நிலக்கரி: 4,000 × 630 = 25,20,000 கிலோ. அதாவது 2,520 டன்.

ஒரு லாரியில் 10 டன் ஏற்றலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 440 லாரித் தாது தோண்ட வேண்டாம். 252 லாரி நிலக்கரி தோண்ட வேண்டாம். இரண்டு கட்டடத்துக்கே இவ்வளவு! ஊர் ஊராக எத்தனை கட்டடங்கள் இடிகின்றன!

உருக்குச் செய்வதில் 2018 முதல் இந்தியா உலகில் இரண்டாம் இடத்தில் இருக்கிறது. சீனா முதலிடம். ஆனால் நமக்குத் தேவையான பழைய இரும்பு உள்நாட்டில் போதவில்லை. 2019 கொள்கையின்படி, அப்போது உள்நாட்டில் ஆண்டுக்கு 2.5 கோடி டன் கிடைத்தது. வெளிநாட்டிலிருந்து 70 லட்சம் டன் வாங்கினோம். அடுத்த நாட்டின் ஓட்டைக் காரையும் உடைந்த பாலத்தையும் காசு கொடுத்து வாங்குகிறோம். நம் ஊர்க் கம்பி குளக்கரையில் மண்ணோடு கிடக்கிறது.

இரும்பு நகரம்

பஞ்சாப் மாநிலத்தில் மண்டி கோவிந்த்கர் என்ற ஊர் இருக்கிறது. அதை இரும்பு நகரம் என்றே சொல்வார்கள். அங்கே இரும்புத் தாதும் இல்லை, நிலக்கரிச் சுரங்கமும் இல்லை. ஆனாலும் தெருவுக்குத் தெரு உருக்காலையும் உருட்டாலையும் இருக்கின்றன. எல்லாம் பழைய இரும்பை நம்பி வந்தவை.

பழைய இரும்பு எப்படி அங்கே போய்ச் சேருகிறது? நம் ஊர்க் காயலான் கடை போல, வட இந்தியாவில் கபாடிவாலா உண்டு. சைக்கிளிலும் தள்ளுவண்டியிலும் வாங்கிச் சேர்ப்பார். அவர் பெரிய கடைக்கு விற்பார். பெரிய கடைக்காரர் தரம் பிரிப்பார். கம்பி ஒரு குவியல். தகடு ஒரு குவியல். வார்ப்பு இரும்பு ஒரு குவியல். பிறகு லாரியில் ஏற்றுவார்.

இந்தத் தரம் பிரிப்பதை அற்ப வேலை என்று நினைக்கக் கூடாது. இரும்போடு செம்பு கலந்து உருகிவிட்டால் அதை மறுபடி பிரித்து எடுப்பது மிகக் கடினம். செம்பு அதிகமான உருக்கைச் சூடாக்கி உருட்டும்போது மேலே வெடிப்பு விடும். குவியலில் ஒரு பழைய மோட்டாரின் செம்புச் சுருள் இருக்கிறதா என்று பார்த்து எடுக்கும் பெண் தொழிலாளியின் கண்ணும் கையும்தான் நாளைக்கு ஒரு கூரையைக் காப்பாற்றுகின்றன. அவருக்குக் கூலி குறைவு. கையுறைகூடப் பல இடங்களில் கிடையாது.

பிறகு மின்சார உலை. சுமார் 1,600 டிகிரி சூடு. கம்பி பாகு போல உருகும். அழுக்கும் மண்ணும் கசடாக மேலே மிதக்கும். அதை வழித்து எடுப்பார்கள். உருகியதை வார்த்துக் கட்டை கட்டையாக ஆக்குவார்கள். கட்டையைச் சிவக்கக் காய்ச்சி உருளைகளுக்கு நடுவே விடுவார்கள். ஒவ்வொரு உருளையிலும் மெலிந்து மெலிந்து, கடைசியில் கம்பியாக வெளியே ஓடிவரும்.

அப்படியானால் இதில் புகையே இல்லையா? அப்படிச் சொல்லிவிட முடியாது. உலைக்கு மின்சாரம் வேண்டும். நம் நாட்டு மின்சாரத்தில் பெரும் பகுதி நிலக்கரியிலிருந்துதான் வருகிறது. கட்டையைக் காய்ச்சும் அடுப்புகளிலும் நெடுநாள் நிலக்கரியை எரித்தார்கள். காற்று கெட்ட நகரங்கள் என்று 2019இல் மத்திய அரசு ஒரு பட்டியல் வெளியிட்டது. அதில் கோவிந்த்கரும் இருந்தது. மலையைக் காப்பாற்றிய ஊர், தன் மூச்சைக் காப்பாற்றிக்கொள்ளவில்லை. புகையை வடிகட்டும் கருவியைப் பொருத்துவது, நிலக்கரிக்குப் பதில் எரிவாயுவைப் பயன்படுத்துவது என்று வழிகள் இருக்கின்றன. செலவு பிடிக்கும். ஆனாலும் செய்துதான் ஆக வேண்டும். அங்கே வேலை செய்பவர்களுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

மாயாபுரியில் நடந்தது

பழைய இரும்பில் ஆபத்தும் ஒளிந்திருக்கும். டில்லியில் மாயாபுரி என்ற இடத்தில் பெரிய பழைய இரும்புச் சந்தை இருந்தது. 2010இல் ஒரு கல்வி நிறுவனம் நெடுநாள் பயன்படாமல் கிடந்த ஆய்வுக் கருவியை ஏலத்தில் விற்றது. அதற்குள் கோபால்ட் என்ற கதிர்வீச்சுப் பொருள் இருந்தது. வாங்கியவர்களுக்கு அது தெரியாது. வழக்கம்போல் பிரித்து உடைத்தார்கள். கதிர்வீச்சு கண்ணுக்குத் தெரியாது. மணக்காது. சுடாது. சில நாளில் அவர்களுக்கு வாந்தி வந்தது. தோல் கறுத்தது. முடி கொட்டியது. எட்டுப் பேர் பாதிக்கப்பட்டார்கள். ஒரு தொழிலாளி ஏப்ரல் மாதம் இறந்துபோனார்.

படித்தவர்கள் செய்த தவறுக்குப் பழைய இரும்பை உடைத்தவர் உயிரைக் கொடுத்தார்.

மஞ்சள் நிறத்தில், நடுவில் ஒரு புள்ளியும் சுற்றி மூன்று இறக்கையும் போட்ட குறியைப் பார்த்தால் தொடவே கூடாது. விலகி நின்று காவல் நிலையத்துக்குச் சொல்ல வேண்டும். மிகவும் கனமான, மூடி இறுகிய ஈயப் பெட்டி என்றாலும் உடைக்கக் கூடாது. மூடிய சிலிண்டர், மூடிய டப்பா எதையும் அப்படியே உலைக்கு அனுப்பக் கூடாது. உள்ளே காற்றோ தண்ணீரோ இருந்தால் உலையில் வெடிக்கும்.

இடிக்கும் இடத்தில் இன்னொரு எதிரி புழுதி. கான்கிரீட் புழுதி நுரையீரலில் படிந்தால் வெளியே வராது. தண்ணீர் தெளித்துக்கொண்டே இடித்தால் புழுதி அடங்கும். வாயையும் மூக்கையும் மூட வேண்டும். பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரைத் தகடு இருந்தால் அதை உடைக்காமல் முழுதாகக் கழற்ற வேண்டும். அதன் நார் நெஞ்சுக்குள் போனால் பல ஆண்டுகள் கழித்துக்கூட நோய் வரும்.

"நிமிர்த்திப் போட்டால் என்ன?"

பழைய வீட்டை இடித்துப் புது வீடு கட்டும்போது பல இடங்களில் நடக்கிற பேச்சு இது.

"மேஸ்திரி, பழைய கம்பி நிறையக் கிடக்குதே. நிமிர்த்திப் புதுத் தளத்துக்குப் போட்டா என்ன? காசு மிச்சமாகுமே."

"வேண்டாம்மா. ஒரு தடவ வளைஞ்ச கம்பிய நிமிர்த்தினா அந்த எடத்துல பலம் போயிடும். துரு வேற தின்னிருக்கு. கூரைக்குக் கீழதான நீங்க படுக்கணும்?"

"அப்ப இத என்ன செய்யுறது?"

"எடைக்குப் போடுங்கம்மா. உருக்கிப் புதுசா வரட்டும்."

மேஸ்திரி சொல்வது சரி. உருக்கினால்தான் பழைய கம்பி புதுக் கம்பி. அடித்து நிமிர்த்தினால் அது பழைய கம்பியேதான். சில சின்னப் பட்டறைகளில் பழைய துண்டுகளை உருக்காமல், வெறுமனே காய்ச்சி நீட்டி விற்பதும் உண்டு. பார்க்கப் புதுசு போலவே இருக்கும். விலை குறைவாக இருக்கும். உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. கம்பி வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கட்டுமானக் கம்பிக்குரிய தர எண் ஐ.எஸ். 1786. கம்பியின் மேலேயே செய்தவர் பெயர் அச்சாகியிருக்கும். இப்போது எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும் அல்லவா? கடைக்காரரிடம் பில்லும் கேட்டு வாங்கலாம்.

தூணும் தளமும் போட்ட சின்ன வீட்டில் ஒரு சதுர அடிக்குச் சுமார் 3 முதல் 4 கிலோ கம்பி இருக்கும். 500 சதுர அடி வீடு என்றால் 1,500 முதல் 2,000 கிலோ. கிட்டத்தட்ட இரண்டு டன். இதை மனதில் வைத்துக்கொண்டுதான் இடிப்பவரிடம் விலை பேச வேண்டும். பல ஊர்களில் இடிக்கும் ஒப்பந்தக்காரர், "கம்பியும் கதவும் எனக்கு, மீதி உங்களுக்கு" என்பார். கூலி வாங்காமல் இடித்துத் தருகிறாரே என்று தோன்றும். கம்பியின் விலையைக் கணக்குப் போட்டால், அவரே வீட்டுக்காரருக்குப் பணம் தர வேண்டியிருக்கும்.

கம்பியில் கான்கிரீட் ஒட்டியிருந்தால் கடைக்காரர் கழிவு பிடிப்பார். சம்மட்டியால் இரண்டு தட்டுத் தட்டினால் உதிர்ந்துவிடும். செம்பு ஒயர், அலுமினியம், பித்தளைக் குழாய் எல்லாவற்றையும் கம்பியோடு போடாமல் தனியாக வைத்தால் அவற்றுக்குத் தனி விலை, இரும்பை விட அதிகம். எடை போடும்போது பக்கத்தில் நின்று முள்ளைப் பாருங்கள். தட்டு காலியாக இருக்கும்போது முள் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு, பிறகு கம்பியை ஏற்றச் சொல்லுங்கள்.